காத்தமுத்துவின் இடது கை

“ஆடு தூங்கிப் போகுமாம். பெரியோர்களே, தாய்மார்களே, நம்ம காத்தமுத்து ஐயாவோட கை பட்டால் ஆடு அப்படியே தூங்கிப் போகுமாம்” என்று ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டம் கைதட்டியது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தைலம்மாள் தலையில் போட்டிருந்த முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். தூங்காது என்று நினைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள், ஆனால் தூங்காது. காத்தமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், ஏரியில் ஆடுகளைக் குளிப்பாட்டிக் கரையில் காயவிட்டிருந்த ஒரு காலையில், மயிர் கத்தரித்து முடித்த ஆட்டின் கண்மேலிருந்து அவர் இடது கையை எடுத்தபோது அவள் கஞ்சித்தூக்கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைக்கு அடியில் அந்தக் கண் திறந்தே இருந்தது. அவ்வளவு நேரமும் திறந்தே இருந்திருக்கிறது. அன்றைக்கே அதை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். இந்த நாலைந்து நாளாக அது திரும்பி வந்து நிற்கிறது. உலை கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, ஒன்றுமில்லாத நேரத்தில். மஞ்சளாக, குறுக்கே கறுப்புக் கோடு போட்ட ஒரு கண். பயமும் இல்லை அதில், வலியும் இல்லை. எதையோ கேட்க வந்து மறந்துபோனவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

பேசிக்கொண்டிருந்தவர் பேரூராட்சித் தலைவர் தங்கப்பிரகாசம். பெருங்காட்டூரில் தேருக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று ஆரம்பித்து, கத்தரித் திருவிழா என்று இனி வருஷாவருஷம் மாசியில் நடக்கும், காத்தமுத்து ஐயா பெயரிலேயே நடக்கும் என்று சொல்லி, இப்போது கதைகளுக்கு வந்துவிட்டார். சந்தைத் திடல் முழுக்கப் பந்தல். காலையில் இளவட்டங்களுக்குப் போட்டி நடந்திருந்தது, பாதிப்பேர் கரண்டு மெஷின் வைத்துக் கத்தரித்தார்கள். கறுப்புக் குறும்பாட்டு மயிர் திடலெங்கும் உதிர்ந்து, காற்று அசையும்போதெல்லாம் எழுந்து, வெள்ளை வேட்டிகளிலும் தண்ணீர்ப் பானை வாயிலும் குழந்தைகள் கையிலிருந்த ஐஸ் குச்சியிலும் வந்து ஒட்டிக்கொண்டது. பந்தலுக்குப் பின்னால் கயிறு கட்டி அடைத்திருந்த இடத்தில் கத்தரித்த ஆடுகள் நின்றன. மயிர் போன ஆடு வேறு ஜாதிப் பிராணி மாதிரி இருக்கும், கழுத்து நீண்டு, தோல் வெளுத்து, யாரோ தப்பாக உரித்துப்போட்ட மாதிரி. காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தவை மத்தியானம் காத்தமுத்துவைக் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றியதும் ஒன்றுவிடாமல் வாயை மூடிக்கொண்டன. பந்தலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தைலம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். எல்லா ஆடும் மேடைப் பக்கம் முகத்தை வைத்து நின்றன.

அவர் மேடையில் நடுநாற்காலியில் இருந்தார். சால்வைமேல் சால்வையாகப் போர்த்தி, அதற்குள்ளிருந்து தலை மட்டும் தெரிந்தது. எண்பது நெருங்குகிற முகம். பேச்சைக் கேட்கிறாரா என்று தெரியாது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கை மட்டும் நாற்காலியின் கைப்பிடி உருண்டைமேல் கவிந்து, மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்க்கக் கூடாது என்று அவள் தலைவரின் வாயைப் பார்த்தாள். காலைக் கட்டாமல் ஆட்டைக் கத்தரித்த ஒரே மனிதர் என்று வாய் சொன்னது. உண்மைதான். மற்றவர்கள் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் தலையை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கத்தரிப்பார். அவர் ஆட்டை மடியில் சாய்த்து இடது உள்ளங்கையைக் கண்மேல் வைப்பார். அவ்வளவுதான், துணி மாதிரித் துவண்டுவிடும். ஒரு கீறல் விழுந்ததில்லை. மயிர் மொத்தமும் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அதுவும் உண்மை. பச்சைமலையிலிருந்து இறங்கிய ஓநாயைப் பிடித்துக் கண்ணைப் பொத்தி அதற்கும் முடி வெட்டிவிட்டார் என்று வாய் சொன்னது, கூட்டம் சிரித்தது, அது பொய். ஓநாய் இல்லை. வெறிநாய். தெருவே கதவடைத்துக் கிடந்த ஒரு மத்தியானம் எச்சில் ஒழுக வந்த நாயை அவர் குந்தியிருந்தபடியே கூப்பிட்டு, கண்ணைப் பொத்தி, அது அடங்கின பிறகு பக்கத்தில் கிடந்த உலக்கையை எடுத்தார். நாய் அசையவில்லை. அடி விழப்போகிறது என்று அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும். தெரிந்துதான் கிடந்தது. ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தெரிந்தே கிடந்தது.

காலையில் அன்பரசுவிடம் சொல்லிப் பார்த்தாள். அவன்தான் விழாவுக்கு எல்லாம், ஒற்றை மகன், இந்த ஊருக்குக் கம்பளிச் சங்கம் கொண்டுவர அலைந்தவன், வெள்ளைச் சட்டைப் பையில் பேட்ஜ் குத்திக்கொண்டு சாப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றான். “கத்தரியை அவரு கையில குடுக்காதய்யா” என்றாள். “பேருக்கும்மா, ஒரே ஒரு ஆடு. சனங்க அதைப் பாக்கத்தானே வர்றாங்க.” “அவருக்கு எது யாருன்னு தெரியலடா. என்னையே சமயத்துல தெரியல.” “ஆளு மறந்துபோவும், கை மறக்காதும்மா. திருச்சி டாக்டரே சொன்னாரு. பழகின வேலையைக் கை மறக்கவே மறக்காதாம்.” அதுதான்டா பயம் என்று சொல்ல நாக்கு எழுந்தது, எழுந்தபடியே நின்றுவிட்டது. அவன் அதற்குள் யாரையோ கூப்பிட்டபடி போய்விட்டான். போகும்போது, “ஏன் முக்காடு, தலைவலியா?” என்று கேட்டான். “பனி ஒத்துக்கல” என்றாள். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. எப்போதும் கேட்கமாட்டான். அம்மா என்றால் அமைதி, கேட்க என்ன இருக்கிறது. ஊரே அப்படித்தான் சொல்லும். தைலம்மா மாதிரி ஒரு அமைதியான பொம்பளையைப் பார்க்க முடியாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது, புருஷன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள். கிழித்தாரா. அவர் கோடு கிழித்ததே இல்லையே. கை ஓங்கினதில்லை, குடித்ததில்லை, வாடி போடி என்றதில்லை. குறை என்று சொல்ல ஒன்றைக்கூட இந்த ஐம்பது வருஷத்தில் அவளால் விரல்விட்டுக் காட்ட முடியாது.

நாலு நாள் முன்னால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வெறுந்தரையில் படுத்தாள். கண் அசந்தது. எழுந்தபோது தலை ஒரு பக்கம் லேசாக இருந்தது, காற்று நேராக மண்டையைத் தொட்டது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தாள். கை தானாக மேலே போயிற்று. வலது பக்கம் முடி இருந்தது. இடது பக்கம் இல்லை. உச்சி வகிட்டிலிருந்து காதுவரை, பின்கழுத்துவரை, விரல் நகம் அளவுகூட மிச்சமில்லாமல், ஒரு கீறல் இல்லாமல் போயிருந்தது. தரையில் தேடினாள். உதிரவில்லை. பாதி நரைத்த அந்த முடி முழுதும் ஒரே விரிப்பாக எடுக்கப்பட்டு, உள்பக்கம் வெளியே தெரியாமல் சுருட்டப்பட்டு, அதன் முனையையே முறுக்கிக் கட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தெருவைப் பார்த்தபடி, “அடுத்ததை ஓட்டியாரச் சொல்லு, வெயில் ஏறுதுல்ல” என்றார். கத்தரி பக்கத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். முடியை அடுப்பில் போட்டாள். கருகின வாடை போக வெகுநேரம் ஆயிற்று, அவர் அந்த வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு, சாப்பாடு அடிப்பிடிச்சிருச்சா என்று கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விழா நின்றுபோகும், அன்பரசு முகம் செத்துவிடும், அவரை ஆஸ்பத்திரியில் கட்டிப்போடுவார்கள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் படுத்தபடி யோசித்தபோது இதெல்லாம் காரணமில்லை என்று தெரிந்தது. முடி போனதில் அவளுக்குப் பயமில்லை. பழனிக்குப் போனால் கொடுக்கிறதுதானே. அவ்வளவு நேரம் கத்தரி காதோரம் கறகறவென்று ஓடியும் அவள் எழுந்திருக்கவில்லை. அதுதான். தூங்கினாளா. தூங்கினோம் என்றுதான் நினைத்தாள். தூங்கினால் சத்தம் எப்படி ஞாபகம் இருக்கும். அந்தக் கறகறப்பு அவளுக்கு ஞாபகம் இருந்தது. கண்மேல் கதகதப்பாக ஒன்று இருந்ததும் ஞாபகம் இருந்தது.

மேடையில் கைதட்டல் விழுந்தது. தலைவர் உட்கார, வேறொருவர் எழுந்தார். முதலிரவில் அவர் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள், பதினேழு வயது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது. கண்மேல் கையை வைத்தார். ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கு வாடை, அதற்கடியில் ஏதோ இலை கசக்கின வாடை. நடுக்கம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மறுநாள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தபோது திருப்பூரில் இருந்த அவள் அக்கா, பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது வா என்று ஆள் அனுப்பினாள். போகத்தான் வேண்டும் என்று துணியை மூட்டையாகக் கட்டிவிட்டாள், மூட்டையைத் தலையில்கூட ஏற்றிவிட்டாள். “செத்த உக்காரு தைலா, போவலாம்” என்றார். உட்கார்ந்தாள். பொழுது சாயும்போது அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருந்தது, அவள் துழாவிக்கொண்டிருந்தாள், மூட்டையை யார் அவிழ்த்தது என்று ஞாபகமில்லை. அப்புறம் அந்த முதல் பெண்குழந்தை. அதை நினைக்கக் கூடாது. நினைத்தால்தான் என்ன, நினைத்தாலும் ஒன்றும் வராது, வந்ததே இல்லை. மூன்று மாசத்துப் பிள்ளை, ஒரே ராத்திரிக் காய்ச்சல், விடியும்போது மடியில் கட்டையாகிவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். வயிற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தொண்டைவரை வந்தது. கை வந்தது. கண்ணை விழித்தபோது குழிமூடிவிட்டு ஆண்கள் குளித்து வந்திருந்தார்கள். அவர் ஈரத்துண்டோடு நின்று, “அழாத” என்றார். பாவம், அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் அழவில்லை. அழ வந்தது எங்கே போயிற்று என்று அப்புறம் தேடிப் பார்த்திருக்கிறாள், கிணற்றடியில், காட்டில், யாருமில்லாத இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. அம்மா செத்தபோதும் வரவில்லை. ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அமைதியான பொம்பளை என்றார்கள். அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருப்பார். ஆட்டுக்கும் அப்படித்தானே, துள்ளினால் வெட்டு விழும், அடங்கினால் வலிக்காது, அதனால்தானே.

“இப்போ எல்லாரும் எதிர்பார்த்த நேரம்” என்று ஒலிபெருக்கியில் பெண்குரல் கேட்டது. யாழினி. வாத்தியார் வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், அவள்தான் விழாவைத் தொகுத்து நடத்தினாள். இடுப்புக்குக் கீழே விழுகிற ஒற்றைப் பின்னல், அதில் கனகாம்பரம். ஒரு ஆட்டை மேடைக்கு ஏற்றினார்கள், நல்ல கறுங்கிடாய், கொம்பு சுருண்டது, நாலு பேர் இழுத்தும் காலை ஊன்றி முரண்டுபிடித்தது. வாத்தியக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். அன்பரசு அப்பாவின் சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். புதுக்கத்தரியை வலது கையில் வைத்தான். வைக்காதே என்று தைலம்மாள் வாய்க்குள் சொன்னாள். காத்தமுத்து கத்தரியைப் பார்த்தார், விரலால் அலகைத் தடவினார், அவ்வளவு நேரம் எங்கேயோ இருந்த முகத்துக்குள் யாரோ விளக்கோடு நுழைந்த மாதிரி இருந்தது. நாற்காலியைவிட்டு இறங்கிச் சமுக்காளத்தில் கால் மடித்து உட்கார்ந்தார். கிடாயைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்து, “விடுங்கப்பா, ஏன் அதைப் போட்டு வதைக்கிறீங்க” என்றார். விட்டார்கள். கிடாய் ஓடவில்லை. அதுவாக நடந்துவந்தது. இடது கை எழுந்து அதன் கண்ணை மூடியது. முன்கால் மடிந்தது, பின்கால் மடிந்தது, மடியில் சரிந்தது. பந்தலில் சத்தமே இல்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் கத்தரி ஓடுகிற ஒலி மட்டும் எல்லாக் குழாயிலிருந்தும் கேட்டது, திடலின் நாலு மூலையிலிருந்தும், கறகற, கறகற. தைலம்மாளின் இமைகள் கனத்தன. பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பார்த்தாள். அவளும் வாய் லேசாகத் திறந்திருக்க இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்தவளும். வரிசை முழுக்க. மயிர் தண்ணீர் வழிகிற மாதிரிக் கழன்று சமுக்காளத்தில் விரிந்தது. கை எடுபட்டதும் கிடாய் எழுந்து உடம்பை உதறிவிட்டு வெளுத்த தோலோடு நின்றது. காதைக் கிழிக்கிற மாதிரிக் கைதட்டினார்கள். ஆயிற்று, முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை, வீணாகப் பயந்தேன் என்று அவள் மூச்சை விட்டாள்.

யாழினி சிரித்தபடி அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மைக்கை அவர் வாயருகே நீட்டி, “தாத்தா, ரெண்டே ரெண்டு வார்த்தை பேசுங்க” என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தோள்மேல் முன்னால் விழுந்திருந்த பின்னலைப் பார்த்தார். அதை எடை பார்க்கிற மாதிரி விரலில் எடுத்து, “நல்ல மசுரு” என்றார். கூட்டம் சிரித்தது. யாழினியும் சிரித்தாள். இடது கை எழுந்து அவள் கண்ணை மூடியது. ஆசீர்வாதம் பண்றாரு, என்று பின்னால் யாரோ சொன்னார்கள், சிலர் கைதட்டினார்கள். மைக் அவள் கையிலிருந்து நழுவி உருண்டது, குழாய்கள் ஒருதரம் ஊளையிட்டு ஓய்ந்தன. அவள் அதை எடுக்கவில்லை. இன்னும் சிரித்த வாயாகவே மெல்லச் சரிந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அன்பரசு பக்கத்திலேயே நின்றான், புகைப்படக்காரனுக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றான். வலது கையில் கத்தரி வாயைத் திறந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை கண்ணில் ஒரு கண்ணுக்கும் தெரியவில்லை என்று தைலம்மாள் நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்தாள், கால் எழவில்லை, கத்தலாம், பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், தொண்டைவரை வருகிறது, தொண்டையில் ஏதோ கையை வைத்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பெண் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியும், கைக்கு அடியில் திறந்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வீட்டில் எல்லாரும் நீ ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள், அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஆயுசுக்கும் சொல்லத் தெரியாது. எப்போது எழுந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடைப் படியில் கால் இருந்தது.

ஆடு கத்தரிக்கிறவர் பாதியில் விடமாட்டார், கையைப் பிடித்து இழுத்தால் அலகு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது தெரியும். அதனால் இழுக்கவில்லை. அவருக்கு எதிரே சமுக்காளத்தில், கிடாய் மயிருக்கு நடுவே உட்கார்ந்தாள். “இதை விட்டுட்டு அதுக்கு ஏன் போனீங்க” என்றாள். அவளுக்கே கேட்காத குரல். “முதல்ல இதை முடிங்க.” முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். பந்தல் ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. காத்தமுத்துவின் முகம் சுளித்தது. பாதி மொட்டையும் பாதி நரைமுடியுமாக இருந்த தலையை அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். வேலையில் பிழை கண்ட வருத்தம்தான் அந்த முகத்தில் இருந்தது. “எவன் இதைப் பாதியில விட்டவன்?” என்றார். “நீங்கதான்.” “நானா? நான் விடமாட்டனே.” யாழினியின் கண்மேலிருந்து கை எழுந்தது. அந்தப் பெண் அப்படியே கிடந்து, பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பரசு இப்போதுதான் குனிந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பின்னால் இழுத்தான். “அம்மா” என்றான். தைலம்மாள் தலையை அவர் மடியில் வைத்தாள்.

கை வந்தது. அதே வாடை. அதே கதகதப்பு, ஐம்பது வருஷமாக ஒரு இம்மிகூடக் குறையாத கதகதப்பு. உடம்பு ஒவ்வொரு மூட்டாக அவளைக் கேட்காமல் கீழே இறங்கிப் போயிற்று, கால், இடுப்பு, கை, நாக்கு. இதோ போகிறேன் என்று நினைத்தாள், போனால் நல்லதுதானே, வலிக்காது, எழுந்தால் அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருக்கும். கத்தரி வலது காதோரம் நுழைந்தது. கறகற. இமையை மூடச்சொல்லி எதுவோ அழுத்தியது. மூடமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்கிற தெம்பு இல்லை, திறந்து மட்டும் வைத்தாள். விரலிடுக்கில் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. அவருடைய ரத்தம்தான் அப்படிச் சிவக்கிறது, விரலுக்குள் ஓடுகிற ரத்தம். இத்தனை வருஷமும் இதன் பின்னால் இவ்வளவு வெளிச்சம் இருந்திருக்கிறது. அந்தச் சிவப்பில் மயிர்த்துகள்கள் மிதந்தன. எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது, ஒன்று பக்கத்தில் வந்து இமைமயிரில் உட்கார்ந்தது, இமைத்தாள், போயிற்று. முடிகிறவரைக்கும் விழித்தே கிடந்தாள். பின்கழுத்தில் கடைசி இழுப்பு. அவர் வழக்கம்போலக் குனிந்து, பட்டிக்காரனிடம் கேட்கிற குரலில், “இது யாரு பட்டி ஆடு?” என்று கேட்டார். கத்தரித்த ஆட்டை மாற்றிப்போட்டுவிடக் கூடாதே என்று எப்போதும் கேட்பார். நாக்கு எங்கோ ஆழத்தில் கிடந்தது. அதைத் தேடி எடுத்தாள். “நத்தமேட்டு சடையன் பட்டி” என்றாள். செத்து மண்ணாகிப்போன அவளுடைய அப்பன் பேர். அவர் வாயில் அந்தப் பேர் ஒருதரம் உருண்டது. “சடையனுதா. நல்ல மனுசன்” என்றார். கையை எடுத்தார். முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, “போ, போய்ச் சேரு” என்றார்.

எழுந்தாள். கத்தரியை அவராகவே கீழே வைத்துவிட்டார், களைத்துப்போயிருந்தார், யாரையோ பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தலைவர் முதற்கொண்டு யாரும் நாற்காலியிலிருந்து அசையவில்லை. படியிறங்கி முன்வரிசை வழியாக நடந்தபோது ஒரு பெண் முந்தானையை எடுத்துத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் இழுத்துக்கொண்டாள். அவள் நடக்க நடக்கப் பந்தலின் பெண்கள் பக்கம் முழுவதும் ஒவ்வொரு வரிசையாக முக்காடு ஏறியது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டி, ஆடுகளை அடைத்திருந்த கயிற்றைத் தாண்டி, ரோட்டோரப் புளியமரத்தடியில் வந்து நின்றாள். காற்று தலை முழுக்க ஒரே சீராகப் பட்டது. பின்னால் ஆடுகள் கத்தத் தொடங்கியிருந்தன.

அன்பரசு ஓடிவந்தான். சட்டையிலிருந்த பேட்ஜ் பாதி பிய்ந்து தொங்கியது. “என்னம்மா இது, எப்ப நடந்துச்சு, ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றான். அவள் அவனைப் பார்த்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வயிற்றின் அடியில் ஏதோ அசைந்தது, மேலே ஏறியது, நெஞ்சைத் தாண்டியது, தொண்டைக்கு வந்து, நிற்காமல் வெளியே வந்தது. ரோட்டில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு அன்பரசு இரண்டடி பின்வாங்கினான். அவன் பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்டிராத சத்தம். பிறகு பதறிக் கிட்டே வந்து, “அழாதம்மா, அழாத” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினான். அகலமான உள்ளங்கை, அப்பன் கை. இடது கை. அது முகத்துக்குச் சாண் தூரத்தில் வரும்போது அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

“கையை எடு சாமி” என்றாள். “அழுதுட்டு வர்றேன்.”